தொங்கவிட்டு முடுக்கக் கூடாது

காடி சத்தம் போடுகிறது என்று போனால் ஃபோர்மேன் கேட்கும் முதல் கேள்வி, "எப்படிச் சத்தம் போடுது?" என்பதுதான். நாற்பது வயதைத் தாண்டிய, கழுத்தில் அலுவலக அட்டையைத் தொங்கவிட்ட ஆள் அந்த இடத்தில் குழந்தையாகிவிடுவான். "டொக் டொக்குனு... இல்லண்ணே, டக்கு டக்குனு... டொடொக்குனு..." என்று வாயைக் குவித்துப் பாவனை காட்டுவான். ஃபோர்மேன் சிரிக்கமாட்டார். அவருக்கு அது நோயாளியின் வாக்குமூலம்.

ஓராண்டு முழுக்க நானும் அப்படி ஒரு சத்தத்தை வாயால் போட்டுக் காட்டிக்கொண்டே கிள்ளான் வட்டாரத்து வர்க்ஷாப்புகளில் அலைந்தேன்.

தமிழ்ப்பள்ளியில் இரட்டைக்கிளவி நடத்திய ஆசிரியை, "கடகட, சலசல, லொடலொட இதெல்லாம் தனியா நிக்காது, பிரிச்சா பொருள் தராது" என்று சொல்லிக்கொடுத்தார். காடிக்கு அடியில் அந்தப் பாடம் செல்லாது. அங்கே இரட்டிக்கும் சத்தம் ஒரு நோய், தனித்து நிற்கும் சத்தம் வேறொரு நோய். மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னக் குழிகளில் 'லொடலொட' என்றால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் தேய்ந்திருக்கும். பிரேக்கை மிதிக்கும்போதோ கியர் போட்டு நகரும்போதோ ஒரே ஒரு 'டொக்' என்றால், காடியின் எடை முன்னும் பின்னும் மாறும் நேரத்தில் ஏதோ ஒன்று நகர்ந்து முட்டுகிறது. அது லோவர் ஆர்ம் புஷ்ஷாக இருக்கலாம், எஞ்சின் மவுண்டிங்காகவும் இருக்கலாம். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தால் 'டொய்ங்' என்றால், ஸ்பிரிங் மேல் பேரிங்கில் சிக்கிச் சிக்கித் திரும்புகிறது. முழுதாக ஒடித்து எண்ணெய் மிதிக்கும்போது 'டிக்டிக்டிக்' என்றால் டிரைவ் ஷாஃப்டின் மூட்டு. 'கீச்' என்றால் ரப்பர். மழை பெய்தால் அது வாயை மூடிக்கொள்ளும்.

இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது இடது முன்பக்கம் 'டொக டொக' என்கிறது, அவ்வளவுதான்.

காடி ஒரு புரோட்டோன் வீரா, 1.5. அப்பா 1996இல் புதிதாக எடுத்தது. 1993இல் சந்தைக்கு வந்தபோது வீராதான் நடுத்தரக் குடும்பத்தின் கனவு. உள்ளே எல்லாம் மிட்சுபிஷி லான்சர். முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னால் பல இணைப்புகள் கொண்ட சஸ்பென்ஷன். அந்த விலைக்கு அது பெரிய விஷயம். அப்பாவுக்கு இதெல்லாம் அத்துப்படி. தோட்டத்து வர்க்ஷாப்பில் 1967இல் கையாளாகச் சேர்ந்து, பிறகு கிள்ளானில் ஒரு பேருந்து நிறுவனத்தின் வர்க்ஷாப்பில் ஃபோர்மேனாகவே ஓய்வு பெற்றவர். காடியை வாங்கிய முதல் வாரமே தலைகீழாகப் படுத்து அடிப்பக்கம் முழுதையும் டார்ச் அடித்துப் பார்த்தார். அம்மா, "வீடு வாங்குனப்பகூட இப்படிப் பாக்கல" என்றார்.

எனக்கு வேலை கிடைத்ததும் சாவியைக் கையில் கொடுத்தார். அது 2003. நாங்கள் எல்லாம் 2001இல் வந்த ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் படத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டிருந்தவர்கள். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டப்பட்டு வரும் ஹாஃப் கட் காடிகளைக் குவித்து வைத்திருக்கும் கடைகளில்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. அட்ஜஸ்டபிள் வாங்கப் பணம் இல்லை. எனவே 2004இல் ஒரு நண்பன் வீட்டுத் தாழ்வாரத்தில் கிரைண்டரை வைத்து நான்கு ஸ்பிரிங்கிலும் ஒன்றரைச் சுற்று வெட்டி எடுத்தோம். காடி தரையோடு தரையாக உட்கார்ந்தது. அழகாக இருந்தது. இப்போதும் பொய் சொல்லமாட்டேன், அழகாகத்தான் இருந்தது.

வெட்டிய ஸ்பிரிங்கின் கோளாறு வேகத்தடையில் தெரிந்தது. சக்கரம் கீழே தொங்கும்போது ஸ்பிரிங்கைப் பிடித்து வைக்கும் அளவுக்கு நீளம் இல்லை. அது தன் இருக்கையை விட்டு எழும்பி, மறுபடி விழும்போது 'டங்' என்றது. அப்பா வாசலில் நின்று அந்த ஒரு சத்தத்தைக் கேட்டார். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"ஸ்பிரிங்க வெட்டுனியா?"

"ஆமாப்பா."

"இனிமே இந்தக் காடியப் பத்தி என்கிட்ட எதுவும் கேக்காத."

கேட்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்துப் பழைய அட்ஜஸ்டபிள் ஒரு செட் வாங்கி மாட்டினேன். புஷ், பிரேக், ரிம் என்று ஒவ்வொன்றாக மாறின. திருமணம் ஆனது, மகள் பிறந்தாள், காடி மட்டும் அப்படியே இருந்தது. பெயர் மாற்றப் போனால் பரிசோதனைக்குக் கொண்டுபோகச் சொல்வார்களோ என்று பயந்து காடி இன்றுவரை அப்பா பெயரிலேயே இருக்கிறது. அவர் அதில் ஏறுவதில்லை. எங்கே போனாலும் தன் பழைய மோட்டாரில்தான் போவார்.

சத்தம் தொடங்கியது போன ஆண்டு. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும் வழி அது. போர்ட் கிள்ளானுக்குப் போகும் கொண்டேனர் லோரிகள் தின்று தீர்த்த சாலை. மணிக்கு 20, 30 கிலோமீட்டரில் ஊரும்போது இடது முன்பக்கம் 'டொக டொக'. பெரிய குழியில் இறங்கினால் சத்தம் இல்லை. நெடுஞ்சாலையில் இல்லை. வேகத்தடையிலும் இல்லை.

முதலில் ஸ்டெபிலைசர் லிங்க் மாற்றினேன். எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். இரண்டு பக்கமும் புதிது போட்டும் சத்தம் அப்படியே இருந்தது. அடுத்து, காடியை இறக்கியிருப்பதால் லிங்க் சாய்ந்து ஸ்ட்ரட்டில் இடிக்கிறது என்றார் ஒருவர். அது உண்மையிலேயே நடக்கக்கூடியது. உயரம் குறையும்போது லிங்க்கின் கோணம் மாறும், அதற்குக் குட்டையான லிங்க் வேண்டும். அதையும் வாங்கினேன். சத்தம் அப்படியே. பிறகு ஒரு வர்க்ஷாப்பில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "அப்சோர்பர் போச்சு, நாலும் மாத்திடுங்க" என்றார்கள். நல்லவேளை, கையில் பணம் இல்லை. லோவர் ஆர்ம் புஷ்ஷை மட்டும் நானே மாற்றலாம் என்று முடிவு செய்தேன்.

பால் ஜாயிண்டைக் கழற்ற ஒரு முள்கரண்டி மாதிரியான கருவி உண்டு. இடையில் நுழைத்துச் சுத்தியலால் அடித்தால் கழன்றுகொள்ளும். அடித்துக் கழற்றினேன். பழைய புஷ்ஷைப் பிழிந்து எடுத்து, புதியதை ஏற்றி, ஆர்மை மாட்டி, எல்லா நட்டையும் பலங்கொண்ட மட்டும் முடுக்கினேன். பால் ஜாயிண்ட் இறுக்கமாகத்தான் இருந்தது, சத்தமும் இல்லை, விட்டுவிட்டேன். முழங்கை வரை கிரீஸோடு நிமிர்ந்தபோது ஏதோ சாதித்த மாதிரி இருந்தது.

'டொக டொக' போகவில்லை. அதோடு சில மாதங்களில் 'கிரீச்' என்று இன்னொன்று சேர்ந்துகொண்டது.

மனைவி பொறுமைசாலி. "வித்துட்டு ஒரு மைவி வாங்கிக்குங்க. பாப்பாவ ஏத்திக்கிட்டுப் போற காடி" என்று மட்டும் சொன்னார். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு அது காடியைப் பற்றிய பேச்சாகப் படவில்லை. அப்பா கொடுத்ததைக் கெடுத்தவன் நான். கெட்ட நிலையிலேயே விற்றால் அவர் அன்று சொல்லாமல் விட்டதெல்லாம் உண்மையாகிவிடும் என்று ஒரு கிறுக்குத்தனமான எண்ணம்.

மேரு பக்கம் ஒரு சீன அங்கிள் இருக்கிறார். ஒற்றை ஆள் கடை. என் கதையை முழுதாகக் கேட்டுவிட்டு மலாயில் ஒரே வரி சொன்னார். "ஜாங்ஙான் தெகா. ச்சாரி டுலு." ஊகிக்காதே, முதலில் தேடு. பணம் வாங்காமல் சில வழிகளைச் சொல்லிக்கொடுத்தார். லிங்க்கைச் சந்தேகப்பட்டால் புதிது வாங்காதே, இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு அதே சாலையில் மெதுவாக ஓட்டு. சத்தம் நின்றால் லிங்க், நிற்காவிட்டால் அது இல்லை. சத்தம் வரும்போது பிரேக்கை லேசாகத் தொடு. நின்றால் பிரேக் பேட் ஆடுகிறது. கண்ணாடியை இறக்கிவிட்டுச் சுவரை ஒட்டி ஓட்டு; சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து எந்தச் சக்கரம் என்று சொல்லும். 'கீச்'சுக்கு ஒவ்வொரு ரப்பராகச் சோப்புத் தண்ணீர் தெளி; எதில் தெளித்தவுடன் அடங்குகிறதோ அதுதான். கிரீஸோ எண்ணெயோ தெளிக்காதே, ரப்பர் ஊதிப்போகும்.

ஓராண்டாக நான் செய்தது வைத்தியம் இல்லை, சூதாட்டம் என்று அப்போது புரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டுத் தாழ்வாரத்தில் அங்கிள் சொன்னபடி தொடங்கினேன். பேட் இல்லை, லிங்க் இல்லை. காடியை ஜேக்கில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, சக்கரத்தைக் கடிகாரத்தின் 12, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டினேன். ஆட்டம் இல்லை. 3, 9இல் ஆட்டினேன். டை ரோட் எண்ட் நன்றாக இருந்தது. ஸ்டியரிங்கை உள்ளிருந்து யாராவது ஒடித்தால் ஸ்பிரிங்கில் கை வைத்துப் பார்க்கலாம் என்று மகளைக் கூப்பிட்டேன். அவளுக்கு ஏழு வயது, கால் எட்டவில்லை என்றாலும் ஸ்டியரிங் எட்டும். அவள் வரும் வழியில் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தாத்தாவிடம், "தாத்தா, அப்பா காடி ரிப்பேர் பண்றாங்க, நீங்களும் வாங்க" என்றாள். அவர் திரும்பவே இல்லை.

அதற்குள் அது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. இரண்டு, மூன்று ஆண்டுகளாக அப்பா அப்படித்தான். கேட்டதற்குப் பதில் சொல்வதில்லை. திருமணங்களுக்கு வருவதில்லை, வந்தாலும் சாப்பிட்டவுடன் கிளம்பிவிடுவார். டிவி மட்டும் அலறும். பேத்தி மடியில் ஏறிப் பேசினாலும் சும்மா தலையாட்டுவார். வயதானால் கோபம் கூடும் என்று நாங்களே ஒரு காரணம் வைத்துக்கொண்டோம். என்மேல் இருந்த கோபம் பரவிவிட்டது என்றுகூட நினைத்திருக்கிறேன்.

மகள் போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். நான் மண்டியிட்டபடி இருந்தேன். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு 19 ஆண்டுகளுக்கு அப்புறம் அந்தக் காடியைப் பற்றி முதல்முறையாக என்னிடம் பேசினார்.

"பானட்டத் தொற."

திறந்தேன். ஸ்டாண்டை எடுத்துக் காடியைத் தரையில் இறக்கச் சொன்னார். ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் ரப்பர் மூடியைப் பிடுங்கினார். அடியில் அட்ஜஸ்டபிளின் நடுக்கம்பியைப் பிடிக்கும் நட்டு. அதன்மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, "ஃபெண்டர அழுத்து. சின்னச் சின்னதா, வேகமா" என்றார். அழுத்தினேன். அவர் தலையைச் சாய்க்கவில்லை, காதைக் கொடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் கேட்டார்.

"இதான்."

என் விரலை வாங்கி வைத்தார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் நட்டு ஒரு மயிரிழை நகர்ந்து திரும்புவது விரல்நுனியில் பட்டது. பெரிய குழியில் ஏன் சத்தம் இல்லை என்பதும் புரிந்தது. பெரிய அடியில் முழு எடையும் ஒரே பக்கம் அழுத்தி அந்த இடைவெளியை மூடிவிடுகிறது; சின்ன அதிர்வில்தான் கம்பி மேலும் கீழும் தட்டுகிறது. சக்கரத்தை எவ்வளவு ஆட்டினாலும் அது தெரியாது. அந்த நட்டை முடுக்கும்போது கம்பியும் சேர்ந்து சுற்றும். கம்பியின் தலையில் எல்.என் சாவியை விட்டுப் பிடித்துக்கொண்டுதான் முடுக்க வேண்டும். யாரோ ஒருவர் வெறும் ஸ்பேனரால் முடுக்கியிருக்கிறார். அந்த யாரோ நானாகவும் இருக்கலாம்.

"இன்னொன்னும் இருக்குப்பா. கிரீச்சுனு ஒன்னு" என்று கத்திச் சொன்னேன்.

"என்னா மாத்துன?"

"லோவர் ஆர்ம் புஷ்."

"சக்கரத்தத் தொங்கவிட்டா முடுக்குன?"

ஆமாம், தொங்கவிட்டுத்தான் முடுக்கினேன். வேறு எப்படி முடுக்குவது? அப்பா தலையில் அடித்துக்கொள்ளவில்லை. பொறுமையாக, தன்னிடம் வேலை கற்க வந்த பையனிடம் சொல்வதுபோலச் சொன்னார். அந்த ரப்பர் சுழலாது, முறுக்கிக்கொள்ளும். நடுவில் இருக்கும் இரும்புக் குழாயோடும் வெளிக்கூட்டோடும் ஒட்டியிருக்கும். சக்கரம் தொங்கும்போது ஆர்ம் கீழே சாய்ந்திருக்கும். அந்த நிலையில் போல்ட்டை முடுக்கினால் அதுதான் தன் இயல்பு என்று ரப்பர் நினைத்துக்கொள்ளும். காடியைத் தரையில் இறக்கியவுடன் முறுக்கிக்கொண்டு, ஓடும் ஒவ்வொரு நிமிடமும் முறுக்கிலேயே இருந்து, சீக்கிரம் கிழியும். அதுவும் இது இறக்கிய காடி. தொங்கும் நிலைக்கும் நிற்கும் நிலைக்கும் கோணம் எவ்வளவோ மாறிப்போயிருக்கும்.

"தொங்கவிட்டு முடுக்கக் கூடாது. காடி தன் கால்ல நின்னப்புறந்தான் முடுக்கணும். ஸ்பிரிங்க வெட்டுனா என்னா, என்னாத்தப் போட்டா என்னா, எந்த உயரத்துல நிக்குதோ அந்த உயரத்துல முடுக்கு."

அவர் அதைக் காடியைப் பற்றித்தான் சொன்னார். நானும் அப்படியே எடுத்துக்கொள்ள முயன்றேன்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மறுபடியும் தூக்கு" என்றார். டயர் மாற்றும் நீளக் கம்பியை எடுத்து லோவர் ஆர்முக்கும் சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிளுக்கும் இடையில் நுழைத்து, ஒரு கையால் நெம்பிக்கொண்டு மறுகையைப் பால் ஜாயிண்டின்மேல் வைத்தார். முகம் மாறியது.

"கை வை."

வைத்தேன். உள்ளே ஏதோ மூச்சு விடுவதுபோல ஓர் அசைவு. ரப்பர் உறை கிழிந்திருந்தது. நான் அன்று சுத்தியலால் அடித்த முள்கரண்டிதான் அதைக் கிழித்திருக்க வேண்டும். கிழிந்த உறை வழியே கிரீஸ் வெளியேறி, மழைத்தண்ணீரும் மணலும் உள்ளே போய், எட்டு மாதமாக உருண்டையைத் தின்றுகொண்டிருந்தன. பால் ஜாயிண்ட் கழன்றுவிட்டால் சக்கரத்தின் அடிப்பக்கத்தைப் பிடிக்க வேறு எதுவும் இல்லை. சக்கரம் வெளியே மடங்கும், காடியின் முன்மூலை சாலையில் விழும். ஸ்டியரிங் கையில் இருந்தும் பயனில்லை. நானே 12, 6இல் ஆட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்தது இதைத்தான். கையால் ஆட்டும் பலத்துக்கு அகப்படாதது கம்பியின் நெம்பலுக்கு அகப்பட்டது.

ஓராண்டு என்னைத் தூங்கவிடாத சத்தத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆபத்து எதுவோ அது ஒரு சத்தமும் போடவில்லை.

"நெம்பும்போது சத்தம் வந்துச்சா?" என்று கேட்டார் அப்பா.

"இல்லப்பா, எனக்கு ஒன்னும் கேக்கல."

"எனக்கும் கேக்கல" என்றார். பிறகு கம்பியை உருவித் தரையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "எனக்கு எதுதான் கேக்குது" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மகள் ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

அந்தக் காடி மூன்று நாள் நகரவில்லை. லோவர் ஆர்மை பால் ஜாயிண்டோடு சேர்த்தே இரண்டு பக்கமும் புதிதாக மாற்றினோம். மாற்றினோம் என்றால், நான் மாற்றினேன், அவர் பலகையில் உட்கார்ந்திருந்தார். போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றி வைத்து, காடியை இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, அது தன் உயரத்தில் நின்ற பிறகு அடியில் நுழைந்து முடுக்கினேன். இறக்கிய காடிக்கு அடியில் நுழைவது எவ்வளவு சிரமம் என்று 19 ஆண்டுக்குப் பிறகு என் விலா எலும்புக்குத் தெரிந்தது. பிறகு அலாய்மெண்ட். அதே சாலையில் அதே 20 கிலோமீட்டரில் போனேன். சத்தமில்லை.

அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போக இரண்டு மாதம் ஆனது. "வயசானா கேக்காதுடா" என்பார். சத்தம் புகாத சிறிய அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே வந்த வரைபடத்தை அந்த இளம்பெண் விளக்கினார். தாழ்ந்த சத்தங்கள் ஓரளவு கேட்கின்றன. மேலே போகப் போகக் கோடு படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. "என்ன வேலை பாத்தீங்க ஐயா?" என்று கேட்டார். அவருக்கு அது கேட்கவில்லை, நான் சொன்னேன்.

சுத்தியல், காற்றுத் துப்பாக்கி, மூடிய கொட்டகைக்குள் டீசல் எஞ்சின். மலேசியாவில் தொழிற்சாலைச் சத்தத்துக்கு விதிமுறை வந்ததே 1989இல்தான். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை விட்டார்கள். 2019இல் வந்த புதிய விதிமுறை அதை 85 ஆக்கியது. 3 டெசிபல் கூடினாலே சத்தத்தின் ஆற்றல் இரட்டிப்பாகும் என்பதை நினைத்தால், அந்த 5 சின்ன எண் இல்லை. முதல் விதிமுறை வந்தபோது அப்பா ஏற்கெனவே 22 ஆண்டு இரும்படித்து முடித்திருந்தார். காதில் அடைக்க அவர்கள் பஞ்சு வைத்துக்கொள்வார்களாம், அதுவும் எஞ்சின் கேட்காது என்று எடுத்துவிடுவார்களாம். நீள ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினிலும் பிடியைக் காதெலும்பிலும் வைத்து நோய் கண்டுபிடிப்பவர்களுக்குக் காதை அடைத்தால் பிழைப்பு ஏது?

அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னார். இப்படிப்பட்டவர்களுக்குப் பேச்சு கேட்கும், ஆனால் சொற்கள் பிரியாது. கூச்சல் இருக்கும் இடத்தில் மொத்தமும் இரைச்சலாகிவிடும். பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும்தான் முதலில் தொலையும். பாப்பாவின் குரல் இந்த மூன்று ஆண்டில் அவருக்குச் சரியாக எட்டியதே இல்லை. நாங்கள் அதற்குக் கோபம் என்று பெயர் வைத்திருந்தோம். சத்தம் வருகிற இடத்தில் மட்டும் கோளாறைத் தேடி, வீட்டில் சத்தமே போடாமல் இருந்தவரைத் தொட்டுப் பார்க்காமல் விட்டிருக்கிறோம்.

காது இயந்திரம் பொருத்திய அன்று அவரை வீராவில்தான் அழைத்து வந்தேன். மருத்துவமனை வாசலில் ஒரு கணம் தயங்கிவிட்டு, முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். சாத்திய சத்தத்துக்கே முகத்தைச் சுளித்தார். சந்தியில் நின்றபோது சிக்னல் போட்டேன்.

"அது என்னா டிக்கு டிக்குனு?"

"சிக்னல்பா."

"எப்பவும் இருக்கா?"

"எப்பவும் இருக்கு."

கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். பச்சை விழுந்து திரும்பியதும் சிக்னல் அணைந்தது. அந்தக் கொண்டேனர் சாலையில் ஏறினோம். நான் பெருமையோடு வேகத்தைக் குறைத்து, வேண்டுமென்றே குழிகளில் இறக்கினேன். முன்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பாராட்டு வரும் என்று காத்திருந்தேன்.

"பின்னால ஒரு கீச்சு இருக்கே" என்றார். "உனக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தும் கேட்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை சோப்புத் தண்ணீர் கலந்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.